ஆர்.எஃப். டிரையர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

ராத்திரி ஷிஃப்டில் ஃபோன் வந்தால் முக்கால்வாசி நேரம் ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, டிரையர் சரியா காயவைக்க மாட்டேங்குது." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றேதான்: "ஆனோடு கரண்ட் எவ்வளவு, கிரிட் கரண்ட் எவ்வளவு, பிஸ்கட்டை உடைச்சுப் பார்த்தியா தம்பி?" மறுமுனையில் சத்தமே இருக்காது. அந்த மூன்றும் தெரியாமல் யாராலும் ஃபோனில் வழி சொல்ல முடியாது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்திலும் கையில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதிவைக்கிறேன்.

நான் தொழில் பழகியது ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில், சாயம் ஏற்றிய நூல் கூம்புகளைக் காயவைக்கும் ஆர்.எஃப். மெஷினில், அதாவது ரேடியோ அதிர்வெண் மின்சாரத்தால் சூடாக்கும் மெஷினில். இப்போது இருப்பது சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் ஒரு பிஸ்கட் ஆலையில். அவனிலிருந்து (பிஸ்கட் சுடும் அடுப்பு) வெளியே வரும் பிஸ்கட்டின் நடுவில் தங்கும் ஈரத்தை எடுப்பது இங்கே டிரையரின் வேலை. பண்டம்தான் வேறு, மெஷின் கிட்டத்தட்ட அதேதான். 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ட்ரையோடு வால்வு (ஃபிலமெண்ட், கிரிட், ஆனோடு என்று மூன்று பாகம் கொண்ட மின்குழாய்) ஜெனரேட்டர், மேலும் கீழும் எலெக்ட்ரோடு தட்டுகள், நடுவில் பெல்ட். காகிதம், லேடெக்ஸ் ஃபோம், கண்ணாடி இழை காயவைக்கிறவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். 50 ஓம் வகை புது மெஷின் வைத்திருப்பவர்கள் ஆனோடு, கிரிட் மீட்டருக்குப் பதிலாக முன்னே போகும் பவர், திரும்பி வரும் பவர் இரண்டையும் பார்க்க வேண்டும். பண்டம், காற்று, தட்டு பற்றிய பேச்சு எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். சாதாரண அவனில் பண்டம் அடுப்புக்குள் வைத்த சாமான். இங்கே அப்படி இல்லை. இரண்டு தட்டுகளும் நடுவில் கிடக்கும் பண்டமும் சேர்ந்து ஒரு கப்பாசிட்டர். அதாவது பிஸ்கட்டே சர்க்யூட்டில் ஒரு பாகம். மாவில் உப்பு கூடினால், பிஸ்கட் தடித்தால், ஈரம் ஏறினால், அந்தப் பாகத்தின் மதிப்பு மாறிவிட்டது என்று அர்த்தம். 27 மெகாஹெர்ட்ஸில் சூட்டைக் கிளப்புவதில் தண்ணீரில் கரைந்த உப்பின் பங்கு மிகப் பெரியது. அதனால் ஜெனரேட்டர் கதவைத் திறப்பதற்கு முன்னால் பெல்ட்டில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். வால்வில் பழுது என்று என்னைக் கூப்பிட்ட பல இரவுகளில் வால்வு நன்றாகவே இருந்தது.

கை வைப்பதற்கு முன்

ஜெனரேட்டருக்குள் ஓடுவது பல ஆயிரம் வோல்ட் டிசி, அதைத்தான் ஹெச்.டி. என்கிறோம். ஸ்விட்சை அணைத்த பிறகும் ஹெச்.டி. கப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். மெயின் ஐசொலேட்டரில் மின்சாரத்தைத் துண்டித்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்து, மெஷின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, எர்த்துக் கோலால் (எர்த்தோடு இணைத்த கோல்) கப்பாசிட்டர், ஆனோடு, தட்டு மூன்றையும் தொட்டு, கோலை அங்கேயே மாட்டிவிட்டு அப்புறம்தான் கை. டோர் இன்டர்லாக்கை (கதவு திறந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) நம்பி உள்ளே போகாதீர்கள். சிங்கப்பூரில் மின் இணைப்பு வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எலக்ட்ரிக்கல் ஒர்க்கர் வேண்டும். ஹெச்.டி. பகுதி உங்கள் அனுமதிக்கு உட்பட்டது இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் ஓடும் மெஷின் பக்கம் வரக் கூடாது. மோதிரம், காப்பு, செயின் எல்லாம் லாக்கரில் இருக்கட்டும்.

இரண்டு மீட்டரும் சொல்வது

பெல்ட்டில் சுமை கூடினால் ஆனோடு கரண்ட் ஏறும், கிரிட் கரண்ட் இறங்கும். பெல்ட் காலியானால் ஆனோடு இறங்கும், கிரிட் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் தராசுத் தட்டு மாதிரி எதிரெதிராக நடந்தால் ஜெனரேட்டர் பெரும்பாலும் நலம், மாற்றம் பண்டத்தில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இறங்கினால் ஹெச்.டி. வோல்டேஜ் குறைந்திருக்கும், இல்லையென்றால் ஃபிலமெண்ட் களைத்திருக்கும். ஆனோடு சரேலென்று ஏறி, கிரிட் பூஜ்யத்துக்கு வந்தால் ஆஸிலேஷன் நின்றுவிட்டது, அதாவது வால்வு ரேடியோ அலையை உண்டாக்கவில்லை. வாங்கும் மின்சாரம் முழுவதும் வால்வின் ஆனோடிலேயே சூடாக இறங்குகிறது. யோசிக்காமல் ஹெச்.டி.யை அணையுங்கள். நல்லபடி ஓடும் நாளில் இரண்டு மீட்டரின் அளவையும், தட்டு உயரத்தையும், பெல்ட் வேகத்தையும் கதவில் ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவையுங்கள். அந்த அட்டை இல்லாத மெஷினில் நான் முதலில் செய்யும் வேலையே அதுதான்.

பண்டம் ஈரமாக வருகிறது, ஆனோடு கரண்டும் குறைவு

சுமை ஏறவில்லை என்று பொருள். முதலில் தட்டு உயரம். சுத்தம் செய்யத் தூக்கியவர்கள் பழைய இடத்துக்கு இறக்காமல் விட்டிருப்பார்கள். சூடு மின்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வெறும் இடைவெளிக் கணக்கில் 10 சென்டிமீட்டரை 9 ஆக்கினாலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பவர் கூடும். ஆகவே தட்டை இறக்கும்போது சிறுகச் சிறுக இறக்குங்கள், ஒவ்வொரு முறையும் மீட்டர் நிலைக்கும் வரை பொறுங்கள்.

தட்டு சரியாக இருந்தால் பெல்ட்டைப் பாருங்கள். வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு பிஸ்கட் வருகிறதா? அவன் பக்கம் வேகம் மாறியதா? தட்டுகளுக்கு இடையே காற்று அதிகம், பண்டம் கொஞ்சம் என்றால் வோல்டேஜில் பெரும்பகுதி காற்றிலேயே செலவாகிவிடும்.

அதுவும் சரி என்றால் மின்சாரம். மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பாருங்கள். ஒன்று போனால் ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்கும் பகுதி) முனகிக்கொண்டே ஓடும், ஹெச்.டி. தாழ்ந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் காது கொடுத்தால் வழக்கத்தைவிடக் கனமான உறுமல் கேட்கும். அப்புறம் ஃபிலமெண்ட் வோல்டேஜ். அதை ஹெச்.டி. இல்லாத நிலையில், வால்வின் முனையிலேயே, ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரால் அளக்க வேண்டும். பேனல் மீட்டர் காட்டுவது கேபிளின் அந்தப் பக்கத்துக் கதை. முனை தளர்ந்து கறுத்திருந்தால் பேனலில் சரியாகவும் வால்வில் குறைவாகவும் இருக்கும். வோல்டேஜ் சரியாக இருந்தும் இரண்டு கரண்டும் மாதாமாதம் சரிந்துகொண்டே வந்திருந்தால் வால்வுக்கு வயதாகிவிட்டது. ஃபிலமெண்ட்டைக் கூட்டிவைத்து ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். இருக்கும் ஆயுளும் வேகமாகப் போய்விடும்.

ஆனோடு கரண்ட் சரி, பண்டம் மட்டும் ஈரம்

இங்கேதான் ஒரு காகிதமும் பேனாவும் வேண்டும். மெஷின் பவர் கொடுக்கிறது. அது தண்ணீரில் இறங்குகிறதா, வேறெங்காவது போகிறதா?

100 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். 30 டிகிரியிலிருந்து தொடங்கினால் 2550 அளவில் வரும். ஆக பண்டத்துக்குள் இறங்கும் ஒரு கிலோவாட், ஒரு மணி நேரத்தில் சுமார் 1.4 கிலோ தண்ணீரை எடுக்கும். மணிக்கு 500 கிலோ பிஸ்கட், உள்ளே வரும்போது 5 விழுக்காடு ஈரம், வெளியே 2 விழுக்காடு என்று வையுங்கள். உலர்ந்த பொருள் 490 கிலோ. உள்ளே வந்த எடை 515.8 கிலோ. எடுக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 16 கிலோ. அதற்குப் பண்டத்தில் இறங்க வேண்டியது 11 கிலோவாட் சொச்சம். இப்போது மீட்டரைப் பாருங்கள். 8 கிலோவோல்ட், 3 ஆம்பியர் என்றால் டிசி கணக்கில் 24 கிலோவாட். வால்விலும் காயிலிலும் கணிசமாகப் போய், பாதிக்குச் சற்று மேல் பண்டத்துக்கு வரும் என்று வைத்தால் கணக்கு இடிக்கவில்லை. இப்படி இடிக்காமலிருந்தும் பிஸ்கட் ஈரமாக இருந்தால், உள்ளே வரும் ஈரம் 5 இல்லை, 6 அல்லது 7 ஆக இருக்கும். அவன் முனையில் ஒரு கை பிஸ்கட் எடுத்து மாய்ஸ்சர் பேலன்ஸில் (ஈரம் அளக்கும் தராசு) போடுங்கள். ஒரு விழுக்காடு ஏறினாலே மணிக்கு ஐந்தரை கிலோ தண்ணீர் கூடுதல். அந்தச் சுமையை டிரையர் தலையில் கட்டுவது நியாயமில்லை, அவன் ஆளிடம் பேசுங்கள்.

உள்ளே வரும் ஈரமும் சரி என்றால், ஆவி வெளியேறவில்லை. ஆர்.எஃப். தண்ணீரைப் பிஸ்கட்டுக்கு வெளியே தள்ளும், அவ்வளவுதான். அதை அள்ளிக்கொண்டு போவது சூடான காற்றின் வேலை. எக்ஸாஸ்ட் ஃபில்டரில் மாவுத்தூள் அடைத்திருந்தாலோ, காற்று ஹீட்டர் ட்ரிப் ஆகியிருந்தாலோ, ஆவி உள்ளேயே சுற்றி, தட்டில் பட்டு வேர்த்து, பிஸ்கட் மேலேயே இறங்கும். சிங்கப்பூரில் இது கூடுதல் தொல்லை. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். ஹீட்டர் இல்லாமல் அந்தக் காற்றை அப்படியே உள்ளே விட்டால் அது ஏற்கெனவே நிறைந்த குடம், ஆவியை வாங்கிக்கொள்ள அதில் இடம் ஏது? எக்ஸாஸ்ட் வாயில் ஒரு துண்டு டிஷ்யூவைப் பிடித்துப் பாருங்கள். நன்றாக ஒட்டி இழுக்க வேண்டும். பெல்ட்டையும் தொட்டுப் பாருங்கள், மெஷினுக்கு வெளியே, திரும்பி வரும் பக்கத்தில். பெல்ட் கொதிக்கிறது என்றால் அதில் ஈரமோ கழுவிய சோப்பின் மிச்சமோ இருக்கிறது. பிஸ்கட்டுக்கு வர வேண்டிய பவரை அது தின்கிறது.

ஒரு பக்கம் காய்கிறது, இன்னொரு பக்கம் ஈரம்

பெல்ட்டின் அகலத்தில் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் சாம்பிள் எடுத்து ஈரத்தைத் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். அவனிலேயே அந்த வித்தியாசம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரம் அதிகமுள்ள இடம் தானாகவே அதிகப் பவர் வாங்கும் என்பது இந்த முறையின் பெரிய குணம். அது சின்னச் சின்ன வித்தியாசத்தைச் சமன்செய்யும், பெரிய ஓட்டையை அடைக்காது.

தட்டு சாய்ந்திருக்கிறதா என்பதை லெவல் குமிழியால் பார்ப்பதைவிட, நான்கு மூலையிலும் பெல்ட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்ப்பது நல்லது. பெல்ட்டே தொங்கியிருக்கலாம்.

வித்தியாசம் அகலத்தில் இல்லாமல் நீளத்தில் இருந்தால், அதாவது ஒரு தட்டின் தொடக்கத்தில் சூடு கம்மி, முடிவில் அதிகம் என்றால், அலைநீளத்தை நினைவில் வையுங்கள். 27.12 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர் சொச்சம், அதில் கால் பங்கு 2.76 மீட்டர். தட்டு நீளமாக நீளமாக, எல்லா இடத்திலும் ஒரே வோல்டேஜ் இருக்காது. அதைச் சரிக்கட்டத்தான் தட்டின் ஓரங்களில் காயில்களையோ செம்புப் பட்டைகளையோ வைத்திருப்பார்கள். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் வோல்டேஜ் சாய்ந்துவிடும்.

இதை நான் மறக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. முன்பு வேலை செய்த ஓர் ஆலையில் கடைசி ஒரு மீட்டரில் மட்டும் பிஸ்கட் கருகியது. நானும் இன்னொரு டெக்னீஷியனும் நான்கு மணி நேரம் வால்வைச் சுற்றியே வந்தோம். ஸ்பேர் வால்வைக்கூட மாட்டிப் பார்த்தோம். விடிந்து, தட்டைத் துடைக்க வந்த அக்கா, "தம்பி, இந்தத் தகடு ஆடுது" என்றார். கீழ்த் தட்டையும் சட்டத்தையும் இணைக்கும் செம்புப் பட்டை ஒன்று. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் பட்டை போல்ட்டுக்கு அடியில் விரிந்து, பழுப்பேறி, நுனியில் பச்சைப் பூ பூத்திருந்தது. மீட்டர் வைத்து அளந்தால் அது ஒட்டியிருப்பதாகத்தான் காட்டும். டிசிக்கு அது இணைப்பு, 27 மெகாஹெர்ட்ஸுக்கு இல்லை. இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஓடுகிறது. மேல்தோல் அழுக்கானால் வழி அடைபட்டது போலத்தான். அன்றிலிருந்து பட்டைகளைக் கண்ணால் பார்ப்பதோடு விடுவதில்லை. பூட்டிய பிறகு ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டிப் பார்க்கிறேன். பட்டை கறுத்திருந்தால் கழற்றித் துடைத்து, பளபளப்பு வரும் வரை தேய்த்து, அகலமான வாஷர் போட்டு இறுக்குகிறேன்.

பொறி பறக்கிறது, ஆர்க் ட்ரிப் விழுகிறது

இதில் நிதானம் வேண்டும். ட்ரிப் விழுந்ததும் ரீசெட் அடித்து மறுபடி ஓட்டுவதுதான் பெரும்பாலான இடத்தில் நடக்கிறது. ஒருமுறை அடிக்கலாம். இரண்டாவது முறை விழுந்தால் நிறுத்திப் பாருங்கள், ஏனென்றால் ஆர்க் தான் வந்த இடத்தில் கரியை விட்டுப் போகும், அடுத்த ஆர்க்குக்கு அந்தக் கரியே பாதை.

எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி பிடித்துவிடலாம். காலையில் ஸ்டார்ட் செய்த பத்து நிமிடத்துக்குள் மட்டும் வருகிறது என்றால் வேர்வை. குளிர்ந்து கிடந்த தட்டில் சூடான ஆவி பட்டுத் துளியாகி, துளி ஓரத்தில் தொங்கி, பெல்ட்டை நோக்கி நீள்கிறது. அந்தத் துளியின் நுனியில் மின்புலம் குவிந்து பொறி பறக்கும். மருந்து எளிது. பிஸ்கட் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் சூடான காற்றை மட்டும் ஓட்டி, தட்டைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பாக உணரும் வரை சூடாக்குங்கள், ஆர்.எஃப். பூட்டிய நிலையில்தான். பெல்ட் ஒரு சுற்று வரும் நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்த மாதிரி வருகிறது என்றால் பெல்ட்டில்தான் ஏதோ இருக்கிறது. கருகிய புள்ளி, ஜாயின்ட், ஒட்டிக்கொண்ட சர்க்கரைப் பாகு. அவசரத்துக்கு உலோகக் கிளிப் போட்டு பெல்ட்டை ஜாயின்ட் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது. நேரம் காலம் இல்லாமல் வருகிறது என்றால் பண்டத்தைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய பிஸ்கட், நிமிர்ந்து நிற்கும் உடைந்த துண்டு, மேலிருந்து விழுந்த நட்டு, கேபிள் டையின் நறுக்கிய நுனி.

இவை எதுவும் இல்லை என்றால் இன்சுலேட்டர். டெஃப்லான் அல்லது பீங்கான் தாங்கிகளை டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. வேர் போலக் கிளை விட்ட மெல்லிய கறுப்புக் கோடு, தலைமுடி அளவுதான் இருக்கும், தட்டிலிருந்து சட்டம் வரை ஓடும். மூக்கை வைத்தால் கருகிய சர்க்கரை வாசம். அதுதான் கரிப்பாதை. மேலோட்டமாக இருந்தால் கத்தி விளிம்பால் சுரண்டி, நைஸான எமரித் தாளால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். ஆல்கஹால் முழுவதும் பறந்த பிறகுதான் பவர். கோடு உள்ளே இறங்கியிருந்தால் சுரண்டிப் பயனில்லை, மாற்றுவதுதான் வழி. தட்டின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஆர்க் தின்ற இடத்தில் கூரான முள் இருக்கும். அதை உருட்டித் தேய்க்காவிட்டால் அடுத்த பொறி அங்கிருந்துதான்.

வெளியே நல்ல நிறம், உள்ளே கருகல்

பிஸ்கட்டை உடைத்தால் நடுவில் பழுப்பு வட்டம். சாதாரண அவனில் இப்படி வராது, அங்கே வெளியிலிருந்துதான் கருகும். இது ஆர்.எஃப். கையெழுத்து. தேவைக்கு அதிகமாகக் காயவைத்திருக்கிறீர்கள், தண்ணீர் தீர்ந்த இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தட்டைத் தூக்குங்கள் அல்லது ஹெச்.டி.யைக் குறையுங்கள்.

அளவு எதுவும் மாறவில்லை, இன்று மட்டும் இப்படி என்றால் உப்பைப் பற்றிக் கேளுங்கள். புது ரெசிப்பியா, சோடா உப்பு சரியாகக் கலந்ததா, மிக்ஸரில் கட்டி இருந்ததா? நூல் கூம்பில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சாயம் ஏற்ற உப்பு போடுவார்கள், பிறகு அலச வேண்டும். அலசல் குறைந்த கூம்பு டிரையரில் உள்ளுக்குள் மஞ்சளாகிவிடும், பக்கத்துக் கூம்பு நிறம் மாறாமல் இருக்கும். டிரையரைத் திட்டுவார்கள், தப்பு அலசலில் இருக்கும்.

பெல்ட் நின்று, ஆர்.எஃப். மட்டும் ஓடியதால் கருகினால் அது இன்டர்லாக் பழுது. பெல்ட் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்பதை மட்டும் பார்க்கும் இன்டர்லாக் போதாது. பெல்ட் உண்மையிலேயே நகர்கிறதா என்று உருளையில் சென்சார் வைத்துப் பார்க்க வேண்டும். செயின் அறுந்தாலும் மோட்டார் சுற்றும். உள்ளே புகை தெரிந்தால் ஆர்.எஃப்., ஊதுகாற்று, எக்ஸாஸ்ட் மூன்றையும் அணையுங்கள். கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், காற்று கிடைத்தால் கனல் தீயாகும். ஆலையின் தீ நடைமுறைப்படி போங்கள், தயங்காமல் 995-ஐ அழையுங்கள்.

பெட்டியில் போட்ட மறுநாள் விரிசல்

லைனில் எல்லாம் அழகாக இருக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து கிடங்கிலிருந்து வரும் பிஸ்கட்டில் மயிரிழை விரிசல், கையில் எடுத்தாலே இரண்டாகும். அவனில் ஓரம் சீக்கிரம் காய்கிறது, நடு ஈரமாக இருக்கிறது. பெட்டிக்குள் ஈரம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போது ஓரம் விரியும், நடு சுருங்கும், தாங்காமல் வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் இங்கே ஆர்.எஃப். டிரையரே வைத்திருக்கிறார்கள்.

சராசரி ஈரம் சரி என்று பேலன்ஸ் சொல்வதை நம்பி நிற்காதீர்கள். வட்டக் கட்டரால் நடுவைத் தனியாக, ஓரத்தைத் தனியாக வெட்டிப் பொடித்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் கணிசமாக இருந்தால் டிரையர் நடுவை எட்டவில்லை. அவனில் கடைசிப் பகுதியின் சூட்டைக் குறைத்து, ஈரம் எடுக்கும் வேலையை டிரையரிடம் விடுங்கள். இதற்கு அவன் ஆள், டிரையர் ஆள் இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அது நடக்காத ஆலையில் இந்த விரிசல் தீரவே தீராது.

ஸ்டார்ட் செய்ததும் ட்ரிப், அல்லது கொஞ்ச நேரத்தில் ட்ரிப்

ஆனோடு ஓவர்லோடு என்றால், பெல்ட் நிறையப் பண்டம் உட்கார்ந்த நிலையில் முழு ஹெச்.டி. கொடுத்திருக்கிறீர்கள். பெல்ட்டைக் காலிசெய்து, தட்டைத் தூக்கி, மெல்ல ஏற்றுங்கள். பெல்ட் காலியாகவே ட்ரிப் விழுந்தால் உள்ளே ஷார்ட். கிரிட் ஓவர்லோடு என்றால் எதிர்ப் பக்கம், பண்டம் வராமல் நின்றுபோயிருக்கும். கொஞ்ச நேரம் ஓடி, சூடானதும் ட்ரிப் விழுந்தால் குளிர்விக்கும் காற்றையும் தண்ணீரையும் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. வால்வைக் குளிர்விக்கும் வட்டத்தில் அயனி நீக்கிய தண்ணீர்தான் ஓட வேண்டும். குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது இங்கே சர்வசாதாரணம். குடிக்க நல்ல தண்ணீர்தான், ஆனால் அதில் உப்பு உண்டு, ஹெச்.டி. குழாய் வழியே கரண்ட் கசிந்து முனைகளை அரிக்கும். இன்னொன்று, தண்ணீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் ஆபத்து. சிங்கப்பூர்க் காற்று சுமார் 24, 25 டிகிரியிலேயே பனித்துளியாகத் தொடங்கிவிடும். சில்லரிலிருந்து 18 டிகிரித் தண்ணீரை விட்டால் குழாயும் வால்வின் அடியும் ஐஸ் மைலோ கிளாஸ் மாதிரி வேர்க்கும். அதை 28 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள். குளிரூட்டிய பேனலை நிறுத்திய உடனே திறப்பதும் இதே தப்புதான், காற்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் நனைக்கும்.

மெட்டல் டிடெக்டர் பொய் சொல்கிறது, தராசு துள்ளுகிறது

டிரையரில் ஆர்.எஃப். போட்டால் வருகிறது, அணைத்தால் நிற்கிறது என்றால் கசிவுதான். முதலில் கதவுகள். எல்லா போல்ட்டும் இருக்கிறதா? "ஒன்றுதானே இல்லை" என்பது இந்த மெஷினில் செல்லாது. கதவு ஓரத்தில் விரல் மாதிரி வரிசையாக இருக்கும் செம்புக்கலவைச் சுருள்கள் நசுங்கியிருந்தால் மாற்றுங்கள், மாவு படிந்திருந்தால் ஆல்கஹால் துணியால் துடையுங்கள். அவற்றை எமரித் தாளால் தேய்க்காதீர்கள். பெரும்பாலும் அவை பெரிலியம் கலந்த செம்பு, அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். பிறகு பெல்ட் நுழையும், வெளியேறும் சுரங்கங்கள். சாமான் இடிக்கிறது என்று யாராவது தகட்டை வளைத்துவிட்டிருக்கலாம். சட்டத்தைத் தொட்டால் சுரீரென்று குத்துகிறது என்று ஆப்பரேட்டர் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள், உடனே நிறுத்துங்கள். ஆர்.எஃப். சுடுவது தோலுக்கு அடியில், வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும்.

கசிவு ஆலைக்குள் மட்டும் நிற்காது. நமக்கு ஒதுக்கிய இடம் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை. வால்வு ஆஸிலேட்டரின் அதிர்வெண் பண்டத்தோடு சேர்ந்து நகரும். தட்டை மிகவும் இறக்கினால் கப்பாசிட்டன்ஸ் கூடி அதிர்வெண் கீழே சரியும். தட்டு உயரத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் அதிர்வெண் அளக்கும் கவுண்ட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு, கசிவில் இந்த அதிர்வெண்ணின் மடங்குகளும் சேர்ந்தே வரும். 27.12-ஐ நான்கால் பெருக்கினால் 108.48. விமானங்கள் ஓடுபாதையைப் பிடிக்கப் பயன்படுத்தும் வழிகாட்டி அலைகள் தொடங்குவது 108 மெகாஹெர்ட்ஸில். இவ்வளவு சின்னத் தீவில், இத்தனை விமானம் வந்து இறங்கும் இடத்தில், கதவு போல்ட் ஒன்றை விடுவது சின்ன விஷயம் இல்லை. இங்கே அலைவரிசைகளைக் கவனிப்பது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். கசிவை அளக்க வேண்டுமென்றால் அளவீட்டுக் கருவி வைத்திருக்கும் தகுதியானவர்களைக் கூப்பிடுங்கள். டியூப்லைட்டைக் கையில் பிடித்து எரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம், கசிவு எந்தப் பக்கம் என்று காட்டலாம், ஆளுக்குப் பாதுகாப்பா என்பதைச் சொல்லாது.

பழுது பார்த்து முடித்த பிறகு

எர்த்துக் கோலை எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு பேர் பாருங்கள். உள்ளே ஸ்பேனர், துணி, ஸ்க்ரூ கணக்கு சரியா என்று எண்ணுங்கள். ஃபிலமெண்ட் முழு நேரமும் சூடாகட்டும், அவசரம் காட்டாதீர்கள். காலி பெல்ட்டில் குறைந்த ஹெச்.டி. கொடுத்து, கிரிட் ஏறி ஆனோடு தாழ்ந்து நிற்கிறதா என்று பார்த்து, பிறகு ஒரு வரிசை பிஸ்கட், அப்புறம் முழுச் சுமை. முதல் பத்து நிமிடம் மீட்டர் முன்னாலேயே நில்லுங்கள். வெளியே வரும் முதல் பிஸ்கட்டைக் கையில் எடுத்து உடைத்து, நடுவைப் பாருங்கள். இரண்டு கரண்ட், தட்டு உயரம், அதிர்வெண், உள்ளே வந்த ஈரம், வெளியே போன ஈரம் எல்லாவற்றையும் தேதி போட்டுக் கதவு அட்டையில் எழுதுங்கள். காலை ஷிஃப்டுக்கு வரும் தம்பி முதலில் அதைத்தான் தேடுவான்.